தானியங்கிப் போக்குவரத்துக் கேமராக்கள்

தானியங்கிப் போக்குவரத்துக் கேமரா என்பது சாலை விதியை மீறும் வாகனத்தைக் காவலர் உதவியில்லாமல் கண்டறிந்து, படம்பிடித்து, அந்தப் படத்தையே அபராதத்துக்குச் சான்றாக்கும் கருவி. வேக வரம்பைத் தாண்டுவோரையும் சிவப்பு விளக்கில் நிற்காமல் போவோரையும் பிடிப்பதற்காகத்தான் முதலில் இது வந்தது. இப்போது ஹெல்மெட் போடாதவர், சீட் பெல்ட் மாட்டாதவர், செல்பேசியில் பேசியபடி ஓட்டுபவர், பேருந்துத் தடத்தில் புகுந்தவர் என்று பட்டியல் நீண்டுவிட்டது. தெருமுனையில் தொங்கும் சாதாரண சிசிடிவி கேமரா நடப்பதையெல்லாம் பதிவு செய்துகொண்டே இருக்கும். பிறகு யாராவது உட்கார்ந்து பார்த்தால்தான் அதனால் பயன். அமலாக்கக் கேமரா மீறல் நடந்த கணத்தை மட்டும் தானே பொறுக்கி எடுக்கிறது. அதற்கு ஓய்வு வேண்டாம், சிபாரிசும் எடுபடாது.

ஆனால் கேமராவுக்குத் தெரிவது வண்டிதான். சட்டம் தேடுவது அதை ஓட்டிய ஆளை. இந்த இடைவெளியை அடைக்க நாட்டுக்கு நாடு தனிச் சட்டம் எழுத வேண்டியிருந்தது. கேமரா குறித்த வழக்குகளில் பல இங்கிருந்து கிளம்பியவை. வேறு பல பூசல்களுக்கு, வசூலாகும் பணம் யாருக்குப் போகிறது என்ற கேள்வி காரணம்.

தோற்றம்

வேகக் கேமராவின் வரலாறு காவல் துறையில் தொடங்கவில்லை, ஒரு பந்தய ஓட்டுநரிடம் தொடங்கியது. டச்சு ஆட்சியிலிருந்த ஜாவாவில் 1911-இல் பிறந்த மாரிஸ் காட்சோனிடஸ், 1953-ஆம் ஆண்டின் மான்டி கார்லோ ராலியை ஃபோர்டு செஃபிர் காரில் வென்றவர். வளைவுகளில் தன் கார் எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்று துல்லியமாக அறிந்து, அதை இன்னும் கூட்டுவதற்காகவே அவர் ஓர் அளவுகருவியைச் செய்தார். சாலையின் குறுக்கே இரண்டு ரப்பர் குழாய்கள். முதல் குழாயைச் சக்கரம் அழுத்தியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும், இரண்டாவதை அழுத்தியதும் நிற்கும். இடைப்பட்ட தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம் வந்துவிடும். 1958-இல் அவர் தொடங்கிய காட்சோமீட்டர் நிறுவனம் இதைக் காவல் துறைக்கு விற்றது. பின்னர் ரேடாரும் கேமராவும் அதோடு சேர்ந்தன. தன் கருவியிடமே பலமுறை மாட்டி அபராதம் கட்டியதாக அவர் சொன்னதாகக் கூறப்படுகிறது. பிரிட்டனில் இன்றும் வேகக் கேமராவுக்கு 'காட்சோ' என்ற பெயரே வழங்குகிறது.

மெல்பர்னில் 1983-இலும் சிங்கப்பூரில் 1986-இலும் சிவப்பு விளக்குக் கேமராக்கள் வந்தன. நியூயார்க் 1993-இல் பின்தொடர்ந்தது. பிரிட்டனில் கேமராப் படத்தைச் சான்றாக ஏற்கும் சட்டம் 1991-இல் நிறைவேறியது. மறு ஆண்டே லண்டனின் மேற்கே ட்விக்கன்ஹாம் பாலத்தில் முதல் காட்சோ நிறுவப்பட்டது. அந்தக் காலத்துக் கேமராவில் ஃபிலிம் சுருள்தான். சுமார் நானூறு படங்களில் சுருள் தீர்ந்துவிடும், யாராவது வந்து மாற்றும்வரை கேமரா குருடு. செலவைக் குறைக்க, பல கம்பங்களில் வெறும் பெட்டியை மட்டும் வைத்து, சில கேமராக்களை அவற்றுக்குள் மாற்றி மாற்றிப் பொருத்தினார்கள். எந்தப் பெட்டியில் கேமரா இருக்கிறது என்று தெரியாததால் வண்டிகள் எல்லாப் பெட்டிகளுக்கும் மரியாதை செய்தன. படம் நொடியில் மையக் கணினிக்குப் போய்ச் சேரும் டிஜிட்டல் முறை வந்த பிறகே கேமரா பெருந்தொகையான அபராதங்களை விதிக்கும் எந்திரமாக மாறியது.

இயங்கும் விதம்

பழைய வேகக் கேமராக்களில் பெரும்பாலானவை டாப்ளர் விளைவை நம்பியவை. கருவி அனுப்பும் ரேடியோ அலை, நகரும் வண்டியில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் சற்று மாறியிருக்கும். அந்த மாற்றமே வேகத்தைச் சொல்லும். கேமரா சாலைக்கு நேராக இல்லாமல் ஓரத்தில் சாய்வாக நிற்பதால், அந்தக் கோணத்துக்கு ஏற்பக் கணக்கைத் திருத்தியாக வேண்டும். கம்பம் சற்றுத் திரும்பிவிட்டாலும் அளவு தவறும் என்பதால், ரேடார் கணக்கோடு மட்டும் விட்டுவிடுவதில்லை. அரை நொடி இடைவெளியில் இரண்டு படங்கள் எடுக்கப்படும். சாலையில் வெள்ளைக் கோடுகள் சம இடைவெளியில் போடப்பட்டிருக்கும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் அரை நொடியில் சுமார் 8.3 மீட்டர் நகரும். எத்தனை கோடுகளைத் தாண்டியது என்று எண்ணிப் பார்த்தால் ரேடார் சொன்னது சரியா என்பது தெரிந்துவிடும். லேசர் கருவிகள், சாலைக்கு அடியில் புதைத்த உணரிகள் ஆகியவையும் பயன்பாட்டில் உள்ளன.

கருவிப் பிழையின் பலன் ஓட்டுநருக்கே போக வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. ஜெர்மனியில் நூறு கி.மீ. வரையிலான வேகத்தில் 3 கி.மீ.யும், அதற்கு மேல் 3 விழுக்காடும் கழித்த பிறகே அபராதக் கணக்கு தொடங்கும். பிரிட்டனில் வரம்போடு பத்து விழுக்காடும் 2 மைலும் கூட்டி, அதற்கு மேல் போனால்தான் நடவடிக்கை எடுக்கும்படி காவல் துறைக்கான வழிகாட்டுதல் இருக்கிறது.

ஓரிடத்தில் மட்டும் அளக்கும் கேமராவை ஏமாற்றுவது எளிது. கம்பத்தைக் கண்டதும் பிரேக்கை மிதித்து, தாண்டியதும் வேகத்தைக் கூட்டினால் போதும். இதற்கு மாற்றாக வந்ததே சராசரி வேகக் கண்காணிப்பு. சில கி.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு கேமராக்கள் நம்பர் பிளேட்டைப் படித்து, நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் ஒப்பிடும். ரேடாரே தேவையில்லாத முறை இது. பள்ளிக்கூடக் கணக்கே போதும். நெதர்லாந்து, பிரிட்டன், இத்தாலி ஆகிய நாடுகளின் விரைவுச்சாலைகளில் இம்முறை பரவியிருக்கிறது.

சிக்னல் கேமரா வேறு விதம். நிறுத்தக் கோட்டை ஒட்டிச் சாலையில் புதைத்த கம்பிச் சுருளோ, மேலிருந்து பார்க்கும் கேமராவோ, சிவப்பு விழுந்த பின் கோட்டைக் கடக்கும் வண்டியைக் கண்டுகொள்ளும். முதல் படத்தில் விளக்கு சிவப்பாகவும் வண்டி கோட்டுக்கு இந்தப் பக்கமும் இருக்க வேண்டும்; அடுத்த படத்தில் வண்டி சந்திப்பின் நடுவில் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் குற்றம். மஞ்சள் விளக்கு எத்தனை நொடி எரிகிறது என்பது இங்கே சிறிய விஷயமல்ல. நிற்கவும் முடியாமல் கடக்கவும் முடியாமல் ஓட்டுநர் மாட்டிக்கொள்ளும்படி மஞ்சளின் நேரம் குறைவாக இருந்தால், குற்றத்தை உண்டாக்குவது சிக்னலே. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஒரு மின்னணுப் பொறியாளர் தன் மனைவிக்கு வந்த அபராதச் சீட்டிலிருந்து தொடங்கி, திரும்பும் வண்டிகளுக்கு மஞ்சள் நேரக் கணக்கு பொருந்தவில்லை என்று வாதிட்டார். உரிமம் இல்லாமல் 'பொறியியல் செய்தார்' என்று மாநில வாரியம் அவருக்கு 500 டாலர் அபராதம் போட்டது! 2018-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2020-இல் போக்குவரத்துப் பொறியாளர் கழகமே அந்தச் சூத்திரத்தைத் திருத்தியது.

ஓட்டியவர் யார்?

படத்தில் நம்பர் பிளேட் தெளிவாக இருக்கும். ஓட்டியவர் முகம் பெரும்பாலும் இருக்காது. இதற்கு மூன்று வகையான தீர்வுகள் உண்டு.

ஜெர்மனியில் வேகக் குற்றத்துக்கு ஓட்டியவரே பொறுப்பு, உரிமையாளர் அல்ல. ஆகவே கேமரா முன்பக்கமிருந்து முகம் தெரியப் படமெடுக்கும். அருகில் அமர்ந்திருப்பவரின் முகத்தை மறைத்துவிட்டே சீட்டு அனுப்புவார்கள். வீட்டுக்குள் வேறு வழக்கு முளைக்காமலிருக்க அது உதவக்கூடும். ஆளை அடையாளம் காண முடியாமல் போனால், இனி யார் எப்போது ஓட்டினார் என்று குறிப்பேடு வைக்கும்படி உரிமையாளருக்கு உத்தரவிடலாம். அமெரிக்காவில் நியூயார்க் போன்ற இடங்கள் எதிர்ப்பக்கம் போயின. யார் ஓட்டினாலும் உரிமையாளர் அபராதம் கட்டவேண்டும். ஆனால் அது ஓட்டுநர் உரிமத்தில் குற்றப் புள்ளியாக ஏறாது.

பிரிட்டன் நடுவழியைப் பிடித்தது. குற்றம் நடந்த 14 நாட்களுக்குள் வாகனப் பொறுப்பாளருக்கு அறிவிப்பு போய்ச் சேரவேண்டும். ஓட்டியவர் பெயரை அவர் எழுதித் தரவேண்டும். தராவிட்டால் அதுவே தனிக் குற்றம். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்துவது ஆகாதே என்று இருவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனார்கள். கார் வைத்திருப்பவர் அதற்கான விதிமுறைக்கும் உட்பட்டவரே என்று 2007-இல் அந்நீதிமன்றம் பிரிட்டன் சட்டத்தை ஏற்றுக்கொண்டது.

இந்த நடுவழியில் ஓட்டை இருக்கிறது: பெயரைப் பொய்யாக எழுதலாம். பிரிட்டன் அமைச்சராக இருந்த கிறிஸ் ஹூன், 2003-இல் கேமராவில் சிக்கியபோது குற்றப் புள்ளிகளைத் தன் மனைவி ஏற்றுக்கொள்ளும்படி செய்தார். மணவாழ்க்கை முறிந்த பிறகு விஷயம் வெளியே வந்தது. 2013-இல் இருவரும் எட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார்கள். ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் விசித்திரம். கூட்டாட்சி நீதிமன்ற முன்னாள் நீதிபதி மார்கஸ் ஐன்ஃபெல்டுக்கு 2006-இல் வந்தது வெறும் 77 டாலர் அபராதம். வெளிநாட்டிலிருந்து வந்த தோழி ஒருவர்தான் காரை ஓட்டினார் என்று அவர் சத்தியம் செய்தார். அந்தத் தோழி அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். பொய்ச் சாட்சிக்காக 2009-இல் நீதிபதிக்கு மூன்றாண்டுச் சிறை. வேகமாக ஓட்டியதற்காக இவர்கள் யாரும் சிறைக்குப் போகவில்லை. ஓட்டியவர் யார் என்ற கேள்விக்குப் பொய் சொன்னதற்காகவே போனார்கள்.

பணமும் பிழையும்

கேமராவை ஓட்டுநர்கள் வெறுப்பதற்கு முதல் காரணம் அது வரி வசூலிக்கும் எந்திரம் என்ற எண்ணம். அந்த எண்ணம் முழுக்க ஆதாரமற்றது என்று சொல்லிவிட முடியாது. சிகாகோவில் கேமரா ஒப்பந்தத்தைப் பெற ரெட்ஃபிளெக்ஸ் நிறுவனம் நகராட்சி அதிகாரி ஒருவருக்குப் பல ஆண்டுகள் லஞ்சம் கொடுத்து வந்தது. 2016-இல் அந்த அதிகாரிக்குப் பத்தாண்டுச் சிறை கிடைத்தது, நிறுவனத்தின் அமெரிக்கத் தலைமை நிர்வாகியும் சிறை சென்றார். மலேசியாவில் 2012-இல் தனியார் நிறுவனங்களைக் கொண்டு தொடங்கிய கேமராத் திட்டம் அரசியல் சர்ச்சையாகி, 2018-இல் ஆட்சி மாறியதும் நிலுவையிலிருந்த லட்சக்கணக்கான சம்மன்கள் ரத்தாயின. பிரிட்டனில் 2000-க்குப் பிறகு சில ஆண்டுகள் அபராத வருவாயிலிருந்தே கேமராச் செலவை எடுத்துக்கொள்ள உள்ளூர் அமைப்புகள் அனுமதிக்கப்பட்டன. பிடித்தால்தான் பிழைப்பு என்ற பேச்சு எழுந்தது. 2007-இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. கேமராப் பெட்டிகளுக்கு மஞ்சள் வண்ணம் பூசித் தொலைவிலிருந்தே தெரியும்படி செய்ததும் இதே சந்தேகத்தைத் தணிக்கத்தான்.

பிழைகளும் குறைவில்லை. அமெரிக்காவின் பால்டிமோரில், சிவப்பு விளக்கில் அசையாமல் நின்றிருந்த கார் வேகமாகப் போனதாக 2012-இல் சீட்டு அனுப்பப்பட்டது. அடுத்த ஆண்டு அந்நகரத்தின் கேமராத் திட்டமே நிறுத்தப்பட்டது. இங்கிலாந்தின் பாத் நகரில் 2021-இல் பேருந்துத் தடத்தில் நடந்து போன ஒரு பெண்ணின் பனியனில் 'நிட்டர்' (KNITTER) என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. தோள்பையின் வார் ஒரு பகுதியை மறைக்க, கேமரா அதை நம்பர் பிளேட்டாகப் படித்துவிட்டது. அந்த எண்ணுள்ள காரின் உரிமையாளர் வேறு ஊரில் வீட்டில் இருந்தபடி அபராதச் சீட்டைப் பெற்றார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2017-இல் வான்னாக்ரை என்ற கணினி வைரஸ் கேமராக்களுக்குள் புகுந்தது. இணையத்தில் இணைக்கப்படாத கேமராக்கள்தான் அவை. பராமரிக்க வந்தவர் செருகிய யுஎஸ்பி போதுமானதாக இருந்தது. இத்தாலியில் சிக்கல் சட்டச் சொற்களில் இருந்தது: கருவிக்கு 'ஒப்புதல்' மட்டுமே உண்டு, சட்டம் கேட்கும் தரச் சான்று இல்லை என்று 2024-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் ஓர் அபராதத்தைத் தள்ளியது. அதையே பிடித்துக்கொண்டு பலர் முறையிடத் தொடங்கினார்கள்.

எதிர்ப்பு நீதிமன்றத்தோடு நிற்பதில்லை. பிரான்சில் அரசுக்கு எதிரான 'மஞ்சள் சட்டை'ப் போராட்டம் நடந்தபோது, நாட்டின் கேமராக்களில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு சேதப்படுத்தப்பட்டதாக 2019 ஜனவரியில் உள்துறை அமைச்சர் தெரிவித்தார். இத்தாலியின் வடக்கே ராத்திரியில் கம்பத்தை அறுத்துச் சாய்த்தவர்களுக்குப் பத்திரிகைகள் 'ஃபிளெக்ஸிமேன்' என்று பட்டப்பெயரே சூட்டின.

விபத்து குறைகிறதா?

குறைகிறது; எவ்வளவு என்பதில்தான் கருத்து வேறுபாடு. 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பு 2010-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, வேகக் கேமராக்கள் உள்ள இடங்களின் அருகில் உயிரிழப்பும் கடும் காயமும் விளைவிக்கும் விபத்துகள் 11 முதல் 44 விழுக்காடு வரை குறைந்ததாகக் கண்டது. ஆய்வுகளின் தரம் சுமார்தான் என்பதையும் அதே மதிப்பாய்வு ஒளிக்கவில்லை. இங்கே ஒரு புள்ளியியல் பொறி உண்டு. விபத்து மிகுந்த இடத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் கேமரா வைக்கிறார்கள். ஓராண்டு தற்செயலாக விபத்து கூடிய இடத்தில், மறு ஆண்டு எதுவும் செய்யாவிட்டாலும் எண்ணிக்கை வழக்கமான அளவுக்கு இறங்கும். அந்த இறக்கத்தையும் கேமராவின் கணக்கில் எழுதிவிடுவது எளிது.

பிரான்சு 2003 அக்டோபரில் பாரிசுக்குத் தெற்கே முதல் தானியங்கிக் கேமராவை நிறுவியது. 2002-இல் 7,000-க்கும் மேலாக இருந்த ஆண்டுச் சாலை மரணங்கள் 2010-இல் 4,000-க்குக் கீழே வந்தன. இதில் கேமராவுக்குப் பெரும் பங்கு உண்டு. பாதுகாப்பான கார்களுக்கும் மதுச் சோதனைக்கும் பங்கு இருக்கிறது.

சிக்னல் கேமராவின் பலன் அவ்வளவு தெளிவாக இல்லை. அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், குறுக்கே வந்து இடிக்கும் விபத்துகள் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்தன. பின்னால் வந்து மோதும் விபத்துகள் 15 விழுக்காடு கூடின. அபராதத்துக்குப் பயந்து திடீரென்று பிரேக் போடுவதே காரணம். பக்கவாட்டு மோதலில் உயிர் போகும் வாய்ப்பு அதிகம் என்பதால் மொத்தத்தில் லாபம்தான் என்று அந்த ஆய்வு முடித்தது. எல்லோரும் அதை ஏற்கவில்லை; டெக்சஸ் மாநிலம் 2019-இல் சிவப்பு விளக்குக் கேமராக்களையே தடை செய்தது.

இந்தியாவில்

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு மட்டும் 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டது. மரணங்களில் பத்தில் ஏழு பங்குக்கும் மேல், அதாவது 71 விழுக்காட்டுக்கு, அதிவேகம் காரணமாகக் காட்டப்பட்டது. விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது: 64,105.

இங்கே கேமரா அமலாக்கத்துக்குச் சட்டத் தளம் தந்தது மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019-இல் வந்த திருத்தம். அதில் சேர்க்கப்பட்ட 136ஏ பிரிவு மின்னணுக் கண்காணிப்பை மாநிலங்களின் கடமையாக்கியது. 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதி நடைமுறையை வகுத்தது. கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சான்றிதழ் வேண்டும். கேமரா இருப்பதை முன்கூட்டியே பலகை வைத்துச் சொல்ல வேண்டும். மீறல் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு போக வேண்டும். விபத்து மிகுந்த நெடுஞ்சாலைகளிலும் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களிலும் முதலில் பொருத்தும்படி அவ்விதி சொல்கிறது. காகிதத்தில் எழுதியது சாலைக்கு வரத் தாமதமானபோது தட்டிக்கேட்டது உச்ச நீதிமன்றம். அதற்கு வழி செய்தது ஒரு தமிழ்நாட்டு மருத்துவர் தொடுத்த வழக்கு. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் பொதுநல மனு ஒன்றைத் தாக்கல் செய்தார். முன்னாள் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்ததும், 136ஏ பிரிவைச் செயல்படுத்தும்படி 2024-இல் மாநிலங்களுக்கு உத்தரவு போனதும் அந்த வழக்கில்தான்.

வேக வரம்பு எது என்பதே இந்தியாவில் தெளிவாக இருப்பதில்லை. விரைவுச்சாலைகளில் கார்கள் 120 கி.மீ. வரை போகலாம் என்று மத்திய அரசு 2018-இல் அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. வரம்பைச் சொல்லும் பலகையே இல்லாத சாலையில் கேமரா மட்டும் இருந்தால் ஓட்டுநர் கோபப்படுவதில் நியாயம் உண்டு.

இந்தியக் கேமராக்கள் வெளிநாட்டுக் கேமராக்களைவிடக் கடினமான பாடம் படிக்க வேண்டியிருக்கிறது. இரு சக்கர வாகனங்கள் மிகுதி. நம்பர் பிளேட்டில் விதி சொல்லும் எழுத்து வடிவம் இருப்பதில்லை. தலைவர் படமும் சாமி பெயரும் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வேண்டுமென்றே பிளேட்டை மடக்குபவரும் உண்டு. 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் உயர் பாதுகாப்புப் பிளேட் கட்டாயமானது இதை ஓரளவு மாற்றிவருகிறது. சென்னையில் 2021-இல் அண்ணா நகரின் சில சந்திப்புகளில் நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராக்கள் அமைந்தன. சிக்னல் மீறல், ஹெல்மெட் இல்லாமை, ஒரே வண்டியில் மூவர் செல்வது ஆகியவற்றை அவை குறிவைத்தன.

மாநிலம் முழுவதையும் ஒரே வலையில் கொண்டுவந்த முயற்சி கேரளத்துடையது. மாநில அரசின் கெல்ட்ரான் நிறுவனம் வழியாக 726 கேமராக்கள் அமைந்தன; அவற்றில் 675 செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் ஹெல்மெட், சீட் பெல்ட் போன்றவற்றைப் பார்ப்பவை. வேகத்தைப் பிடிக்க நிறுத்தப்பட்டவை விரல் விட்டு எண்ணக்கூடியவையே. 2023 ஏப்ரலில் முதலமைச்சர் பினராயி விஜயன் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஜூன் 5 முதல் அபராதம். ஒப்பந்தம் கைமாறிய விதத்தில் ஊழல் என்று எதிர்க்கட்சிகள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. மக்களைத் தொட்டது வேறொரு கேள்வி: ஸ்கூட்டரில் அப்பா, அம்மா, நடுவில் குழந்தை என்றால் அது மூவர் பயணம் ஆகுமா? போக்குவரத்துக் காவலர் கண்டும் காணாமல் விடும் காட்சி அது. கேமராவுக்கு அந்தக் கண் கிடையாது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு விலக்கு கேட்டுக் கேரளத்திலிருந்து மத்திய அரசுக்குக் கடிதம் போனது; சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று பதில் வந்தது. மாநில அரசு அத்தகைய குடும்பங்களுக்கு அபராதம் போடுவதில்லை என்று இறங்கி வந்தது.

அபராதத்தை விதிப்பதைவிட வசூலிப்பது கடினம். கேமரா அனுப்பும் இ-செலான் என்ற மின்னணு அபராதச் சீட்டு பதிவுச் சான்றிதழில் பெயருள்ளவருக்கே போகிறது. ஓட்டியவர் யார் என்று காவல் துறை கேட்டால் சொல்ல வேண்டிய கடமையை மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு உரிமையாளர்மீது வைத்திருக்கிறது. ஆனால் வண்டியை விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் விட்டவருக்கு, எங்கோ யாரோ செய்த மீறலுக்கெல்லாம் குறுஞ்செய்தி வந்துகொண்டிருக்கும். நிலுவை மலையாகக் குவிந்ததால் கர்நாடக அரசு 2023 பிப்ரவரியில் பாதித் தொகை கட்டினால் போதும் என்று சலுகை அறிவித்தது. பெங்களூரில் சில நாட்களிலேயே நூறு கோடி ரூபாய்க்கு மேல் வசூலானது. மோசடிக்காரர்களும் இதை விட்டுவைக்கவில்லை. போக்குவரத்துத் துறையின் பெயரில் போலிச் செலான் அனுப்பி, கூடவே ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்லி, வங்கிக் கணக்கைத் துடைத்தெடுக்கும் வேலை வாட்ஸ்அப்பில் நடக்கிறது. உண்மையான செலானை மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வாகன எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். அதில் வண்டியின் படமும் மீறல் நடந்த இடமும் நேரமும் இருக்கும். தவறென்று தோன்றினால் அங்கேயே முறையிடவும் வழி உண்டு.